சவுக்குக் கம்பு கோல்கள்: கிரிக்கெட் நாட்டில் கால்பந்தின் இடம்

(கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வெயில் தாழ்ந்து மணி ஐந்து ஆகிவிட்டால் புதுப்பட்டினம் கடற்கரையில் இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளுக்கு மேற்கே, மேட்டுத் தரையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். படகுகளுக்குக் கிழக்கே, அலை நனைத்து இறுக்கிய ஈரமணலில் ஃபுட்பால். கோல் கம்பம் என்று காசு போட்டு வாங்கியது எதுவுமில்லை. சவுக்குக் கம்பு கிடைத்தால் இரண்டை நடுவார்கள்; கிடைக்காத அன்று செருப்பைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கத்து எல்லைக்கோடு கடல்தான். பந்தை அலை இழுத்துக்கொண்டு போனால் ஒருவன் பாய்ந்து எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் தலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நூலுக்குத் திரும்புவார்கள்.

பிள்ளைகள் போட்டிருக்கும் பனியன்களைக் கவனித்தால் ஒரு சேதி இருக்கிறது. இரண்டு கூட்டத்திலும் ஏழாம் எண் உண்டு. மஞ்சள் நிறமென்றால் அது தோனி. வேறு நிறமென்றால் ரொனால்டோ. பத்தாம் எண்ணில் மெஸ்ஸி. இத்தனை பனியன்களுக்கு நடுவே ஓர் இந்தியக் கால்பந்து வீரனின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. கிரிக்கெட் ஆடும் பையனுக்குத் தன் நாட்டில், தன் மொழி பேசும் ஊரில் ஒரு நாயகன் இருக்கிறான். கால்பந்து ஆடும் பையன் நாயகனைத் தேடி போர்ச்சுகலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போக வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டை உயிராக நினைக்கும் நாட்டில் கால்பந்து அதற்கு ஈடாக எழ முடியுமா என்பதே இன்றைய பொருள். இந்த உரை சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடலாம். தொலைக்காட்சியிலும் பணத்திலும் இந்தத் தலைமுறைக்குள் கால்பந்து கிரிக்கெட்டை எட்டாது. ஊரில் ஆடும் ஆட்டமாக, வாரந்தோறும் மக்கள் கூடிப் பார்க்கும் ஆட்டமாக அது கிரிக்கெட்டுக்குச் சமமாக நிற்க முடியும். தமிழ்நாட்டில் அதற்கு முதல் தகுதி கடலோர ஊர்களுக்கு இருக்கிறது.

கூட்டம் முன்பு எங்கே இருந்தது

கிரிக்கெட் மோகம் இந்தியர்களின் ரத்தத்தில் ஊறியது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினோரு பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தை வெறுங்கால்கள் வென்ற அந்த மாலை ஆட்டத்தோடு முடிந்துவிடவில்லை. அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு அது தன்மானச் செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. இந்தியா தன் முதல் டெஸ்ட் கிரிக்கெட் போட்டியை ஆடியது அதற்கு இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1932-இல்.

விடுதலைக்குப் பிறகும் கால்பந்து தளரவில்லை. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தது. நெவில் டிசூசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். 1962-இல் ஜகார்த்தாவில், பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் வழிகாட்ட, இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடியும் ஆசியத் தங்கம். அதே போட்டித் தொடரில் ஜப்பானையும் இந்தியா 2-0 என்று வென்றிருந்தது. ஜப்பான் பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ், பிற்காலத்தில் கேரள அணியின் பயிற்சியாளராகி 1973-இல் அந்த மாநிலத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இன்று கால்பந்து என்றதும் நாம் அண்ணாந்து பார்க்கும் கேரளத்துக்கு அந்த முதல் கோப்பையைக் கொண்டு சேர்த்தவர் ஒரு தமிழர்.

சென்னையில் ஒரு மைதானமே இந்த இரண்டு ஆட்டங்களின் கதையையும் சுமந்து நிற்கிறது. 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியாத உலகச் சாதனை அது. நடந்த இடம் சேப்பாக்கம் என்றுதான் பலர் நினைப்பார்கள். நடந்தது பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். இன்றைக்கு அதுதான் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம், சென்னையின் கால்பந்து அணி ஆடும் இடம். மைதானம் ஓர் ஆட்டத்தை விட்டு இன்னோர் ஆட்டத்துக்கு மாறியிருக்கிறது. மக்கள் எதிர்த்திசையில் மாறினார்கள்.

அதுகூட ஒரே நாளில் நடந்ததல்ல. 1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோதியதைப் பார்க்க வந்தவர்கள் 1,31,781 பேர். பைச்சுங் பூட்டியா அன்று மூன்று கோல் அடித்தார். 2022-இல் அகமதாபாத்தில் நடந்த ஐ.பி.எல். இறுதிப் போட்டிக்கு வந்த கூட்டம் 1,01,566. அது இருபது ஓவர் போட்டிகளில் உலகச் சாதனை என்று பதிவானது. இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள், இந்தியர்களுக்குக் கால்பந்து ஒட்டாது என்று சொல்லத் தயங்குவார்கள்.

கிரிக்கெட் ஏறிய படிகள்

1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் கபில் தேவின் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது. 183 ரன் எடுத்து, மேற்கிந்தியத் தீவுகளை 140-இல் சுருட்டிய ஆட்டம். இறுதிப் போட்டியில் அதிக ரன் எடுத்தவர் நம் ஸ்ரீகாந்த், 38. வென்று வந்த வீரர்களுக்குப் பரிசு கொடுக்கக் கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் கச்சேரி செய்து நிதி திரட்டிக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. 2024-இல் இருபது ஓவர் உலகக் கோப்பை வென்ற அணிக்கு அதே வாரியம் அறிவித்த பரிசு 125 கோடி. இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவே இருப்பது நாற்பது ஆண்டு உழைப்பும் வியாபாரமும்.

அந்த வியாபாரம் எப்படி வளர்ந்தது? 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டே உலகக் கோப்பை வெற்றி. வீட்டுக்குள் பெட்டி வந்த நேரத்தில் ஜெயித்த ஆட்டமாகக் கிரிக்கெட் அமைந்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம், ஒலிபரப்பு அலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கே கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றியதுதான். அதன் பிறகு தனியார் அலைவரிசைகள் போட்டி போட்டுக்கொண்டு விலை கேட்டன. கிரிக்கெட்டின் அமைப்பும் அதற்கு ஒத்துழைத்தது. ஆறு பந்து முடிந்தால் ஒரு விளம்பரம், விக்கெட் விழுந்தால் இன்னொன்று. கால்பந்தில் நாற்பத்தைந்து நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். சோப்பு விற்கவும் பைக் விற்கவும் நடுவே இடம் கிடையாது. 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. ஒரு போட்டிக்கு நூறு கோடிக்கும் மேல்.

தெருவிலும் கிரிக்கெட்டுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டே பேர் இருந்தால் போதும், ஆடலாம். சுவரில் கரிக்கோடு போட்டால் ஸ்டம்பு. மொட்டைமாடி, சந்து, மாட்டுக்கொட்டகை ஓரம் என்று எந்த இடத்துக்கும் விதியை வளைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்குள் பந்து போனால் அவுட் என்று ஊருக்கொரு சட்டம். கால்பந்துக்குப் பத்துப் பேராவது சேர வேண்டும், ஓட இடமும் வேண்டும். நகரத்தில் காலியிடம் சுருங்கச் சுருங்க, சுருங்கிய இடத்துக்குள் அடங்கும் ஆட்டம் பிழைத்துக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கிரிக்கெட் ஓர் ஏணியைக் கட்டியது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த நடராஜன், சென்னை லீக் ஆட்டங்களுக்கு வந்தார். 2015-இல் ரஞ்சிக் கோப்பை ஆடினார். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் கவனம் பெற்றார். அடுத்த ஆண்டு பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு ஆடினார். பிறகு சொந்த ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்துக் கொடுத்தார். நெசவும் கூலியும் பிழைப்பான ஊரிலிருந்து நாட்டின் அணிவரை போவதற்கு ஒவ்வொரு படியும் அங்கே இருந்தது. திறமையும் உழைப்பும் அவருடையவை. படிகளை யாரோ முன்கூட்டியே கட்டி வைத்திருந்தார்கள். கால்பந்துக்காரர்கள் கிரிக்கெட்டைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய இடம் இந்த ஏணிதான்.

கால்பந்து நழுவவிட்டவை

1950 பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. வெறுங்காலோடு ஆடவிடமாட்டோம் என்றதால் போகவில்லை என்ற கதை இன்றும் உலவுகிறது. உண்மையில் அன்றைய நிர்வாகத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. உலகக் கோப்பையின் மதிப்பை அது உணரவில்லை. அந்த வாய்ப்பு பிறகு ஒருமுறைகூட வரவில்லை.

எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2025-இல் நடந்தது இன்னும் வேதனையானது. 2014-இல் நட்சத்திரங்களோடு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.), கால்பந்துக் கூட்டமைப்புக்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் இருந்த பதினைந்தாண்டு ஒப்பந்தம் முடியப்போகும் நிலையில், ஜூலை மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. சில அணிகள் வீரர்களுக்குச் சம்பளத்தை நிறுத்தின. நவம்பரில் வணிக உரிமைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அதே மாதம் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோல்வி. உலகத் தரவரிசையில் 142-ஆம் இடம். 2027 ஆசியக் கோப்பைக்கும் ஆண்கள் அணி தகுதி பெறவில்லை. 1996-இல் 94-ஆம் இடத்தில் இருந்த நாடு இது.

மக்கள் கால்பந்தை வெறுத்துவிட்டார்களா? இல்லை. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவின் ஆறு நகரங்களில் நடந்தபோது அரங்குக்கு வந்து பார்த்தவர்கள் 13,47,133 பேர். அந்தப் போட்டித் தொடரின் வரலாற்றில் அதுவரை காணாத கூட்டம். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா, சீன தைபே அணியை 5-0 என்று வென்ற ஆட்டத்துக்கு வந்தவர்கள் வெறும் 2,569 பேர். மறுநாள் அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளியில், திட்டினாலும் பரவாயில்லை, மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று மன்றாடினார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான ஆட்டத்தில் அரங்கம் நிரம்பி வழிந்தது. அழைத்தால் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பார்க்க ஓர் ஆட்டம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைப் போல் பல மடங்கு உயரமான கட்-அவுட் வைத்தார்கள். 2025 டிசம்பரில் கொல்கத்தாவில் மெஸ்ஸியைப் பார்க்கப் பெரும் பணம் கொடுத்து வந்தவர்கள், அவரைச் சரியாகக் காண முடியாத ஆத்திரத்தில் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அன்புக்குக் குறைவில்லை. அந்த அன்பைப் போட்டு வளர்க்க உள்ளூரில் ஒரு நாற்றங்கால் இல்லாமல் போனதுதான் குறை.

தமிழ்க் கடற்கரையின் கால்கள்

நாற்றங்கால் எங்கே பிழைத்திருக்கிறது என்று தேடினால் தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் கடற்கரையில்தான் தென்படுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக மீனவக் கிராமங்கள். ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். 2017 ஒக்கிப் புயலில் அதிகம் இழந்தவர்களும் அவர்களே. அங்கே ஆட்டமென்றால் கால்பந்து. ஊர்தோறும் குழு, ஊர்தோறும் டோர்னமென்ட், ஆட்ட நாளில் மணல் மேடெல்லாம் தலைகள். சந்தோஷ் கோப்பைக்கான தமிழ்நாட்டு அணியில் அந்தக் கரையின் பிள்ளைகள் பலர் ஆடியிருக்கிறார்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் தெரியவந்து, ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவுக்கும் போனார். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் பலத்த காயம். நன்றாக ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த இடி விழுந்தது. கிரிக்கெட்டிலும் வீரர்கள் காயமடைகிறார்கள். அங்கே ஒருவர் விழுந்தாலும் அதே ஊரிலிருந்து மேலே வர அடுத்தவருக்குப் பல வழிகள் இருக்கின்றன. இங்கே வழிகள் குறைவு.

வடசென்னை வியாசர்பாடியில் 1997-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, தெருவில் திரிந்த பிள்ளைகளைப் பந்தைக் காட்டி மைதானத்துக்கும், மைதானத்தைக் காட்டிப் பள்ளிக்கும் கூட்டிவந்தது. அந்த வட்டாரத்திலிருந்து எழுந்த தனபால் கணேஷ் இந்தியாவுக்காக ஆடினார், 2018-இல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற சென்னை அணியிலும் இருந்தார். அடுத்த ஆண்டு, 2018-19 சீசனில், கோவையை இருப்பிடமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டுக்குக் கால்பந்து தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும்விட இந்த அவையோர் மனத்தில் வைக்க வேண்டியது கடலூர் கதை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. கல்பாக்கம் நகரியத்திலும் சுற்றுக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. கடலூரும் அதேபோல் அடிபட்ட ஊர். அங்கே பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து கற்றுக்கொடுத்தார். அழுகையை மறக்கக் கொடுத்த பந்து பிறகு அவர்களுக்குப் படிப்பும் வேலையும் கொண்டுவந்தது. அவருடைய பயிற்சியில் வளர்ந்தவர்கள் இந்திய அணிவரை போனார்கள். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்துகொண்டே நாட்டுக்காக ஆடினார். 2018-இல் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் போட்டியில், பல ஆண்டுகள் அசைக்க முடியாமல் இருந்த மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு பட்டம் வாங்கியது. 2019-இல் மதுரை சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023-இல் மறுபடியும் தமிழ்நாடு தேசியப் பட்டம்.

ஆண்கள் அணி சறுக்கிய அதே 2025-இல், ஜூலை 5 அன்று, இந்திய மகளிர் அணி சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து அவர்கள் அங்கே போவது அதுவே முதல்முறை. பெண்கள் ஜெயித்தால் நாடு திரும்பிப் பார்க்கும் என்பதற்கு வெளியூர்ச் சான்றும் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஊறிய ஆஸ்திரேலியாவில் 2023 ஆகஸ்டில் மகளிர் கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதியில் தங்கள் அணி இங்கிலாந்தோடு மோதியதை 1 கோடியே 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை மூன்று கோடிகூட இல்லை. கிரிக்கெட் கால்பந்துக்கு இடம் விட்டுக் கொடுக்கவில்லை. கால்பந்து தனக்கான இடத்தைப் பெண்களின் கால்களால் எடுத்துக்கொண்டது.

கஷிமா என்னும் கடலோர ஊர்

இப்போது ஜப்பான். இந்தியாவுக்குக் கிரிக்கெட் எப்படியோ ஜப்பானுக்குப் பேஸ்பால் அப்படி. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டிலும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தியா ஜப்பானை 1-0 என்று வென்றது. அப்படிப்பட்ட நாடு 1993-இல் பத்து அணிகளோடு ஜே.லீக் தொடங்கியது. அணிக்கு முதலாளிக் கம்பெனியின் பெயர் கூடாது, ஊர்ப் பெயர்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு அணியும் சிறுவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நூறு ஆண்டுத் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

அந்தப் பத்தில் ஒன்று கஷிமா. இபராக்கி மாநிலத்தில் கடலோரம் இருக்கும் சின்ன ஊர். உருக்காலைதான் அடையாளம். ஆலைத் தொழிலாளர் அணி ஒன்று இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஜே.லீக்கில் சேர விரும்பி விண்ணப்பித்தபோது, அதன் தலைவராக இருந்த கவபுச்சி, உங்களுக்கு வாய்ப்பு 99.9999 சதவீதம் இல்லை, கூரை போட்ட பதினைந்தாயிரம் இருக்கை அரங்கம் கட்டினால் பார்க்கலாம் என்றார். கட்டமாட்டார்கள் என்று நினைத்தார். கட்டிவிட்டார்கள். பிரேசிலின் ஜீக்கோவை அழைத்து வந்தார்கள். 1993 மே மாதத்தில் முதல் ஆட்டத்திலேயே அவர் மூன்று கோல் போட, கஷிமா 5-0 என்று வென்றது. இன்றைக்கு ஜப்பானில் லீக் பட்டத்தை அதிக முறை வென்ற அணி அந்தச் சின்ன ஊர் அணிதான். 2016 டிசம்பரில் உலகக் கிளப் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டோடு தொண்ணூறு நிமிடம் 2-2 என்று சமமாக நின்று, கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றது. கஷிமாவை அன்று மூன்று கோலால் சாய்த்தவர், நம் கரையில் பிள்ளைகள் பனியனில் போட்டிருக்கும் அதே ஏழாம் எண் ரொனால்டோ.

பத்து அணி இப்போது அறுபது அணி. 1998 முதல் ஒரு உலகக் கோப்பையையும் ஜப்பான் தவறவிடவில்லை. பேஸ்பால் இன்றும் அங்கே முதலிடத்தில்தான் இருக்கிறது. அதன் அரங்குகள் காலியாகவில்லை. இரண்டு ஆட்டங்களும் ஒரே நாட்டில் வளமாக வாழ்கின்றன. கால்பந்து கிரிக்கெட்டுக்கு ஈடாவது என்றால் நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கரைக்கு ஒரு கோரிக்கை

கடலோரம், சின்ன ஊர், பக்கத்தில் பெரிய ஆலை. கஷிமாவின் வர்ணனையைக் கேட்ட கல்பாக்கத்துக்காரர்களுக்கு ஊர் நினைவு வந்திருக்கும். இங்கேயும் அணுமின் நிலையம் இருக்கிறது, நகரியம் இருக்கிறது, நல்ல பள்ளிகள் இருக்கின்றன. இங்கிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில் மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. 2025 ஆகஸ்டில் அதே கரையில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். சதுரங்கத்தில் தமிழ்நாடு எட்டிய உயரமும் கவனிக்க வேண்டியது. 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்; 2024-இல் பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். இந்த முப்பத்தாறு ஆண்டுகளில் சதுரங்கம் கிரிக்கெட்டோடு ஒருநாளும் சண்டை போடவில்லை. சனி ஞாயிறு தவறாமல் பள்ளிக் கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் போட்டி நடத்திக்கொண்டே இருந்தது.

கால்பந்துக்கும் இந்தக் கரையில் அதையே செய்யலாம். நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், உய்யாலிக்குப்பம் என்று எட்டு ஊர்கள். ஊருக்கு ஒரு அணி. ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடும் தன் ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை ஆடினால் பதினான்கு வாரம், 56 ஆட்டம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் முடித்துவிடலாம். இப்போது நடப்பது இரண்டு நாள் டோர்னமென்ட். தோற்றவன் முதல் நாளே வீட்டுக்குப் போய்விடுகிறான், அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கிறான். லீக் என்றால் தோற்றவனுக்கும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்கும். ஆட்டக்காரன் உருவாவது அப்படித்தான்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஊராட்சி ஒரு நிலத்தை அளந்து, கல் நட்டு, இது விளையாட்டுத் திடல், வேறெதற்கும் இல்லை என்று தீர்மானம் போட வேண்டும். மீனவப் பஞ்சாயத்தார் முன்னின்று அணியை நடத்த வேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு இருக்கும் மரியாதை எந்தச் சங்கத்துக்கும் இங்கே கிடையாது. நகரியத்து மைதானம் வாரம் ஒரு மாலை குப்பத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். நடுவர் பயிற்சி பெற இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள் முன்வர வேண்டும். எட்டு ஊரிலும் பெண் பிள்ளைகள் அணி கட்டாயம் இருக்க வேண்டும். கடலூரால் முடிந்தது அதே சுனாமியைக் கண்ட இந்தக் கரையாலும் முடியும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பத்தாம் வகுப்பு வந்ததும் பெண்ணின் பூட்ஸைப் பரணில் போட்டுவிடாதீர்கள். காவல்துறையிலும் ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள் அந்தப் பூட்ஸைக் கழற்றாதவர்கள்தான்.

கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளிடமிருந்து எதையும் பறிக்க வேண்டாம். படகுகளுக்கு மேற்கே அவர்கள் ஆடட்டும். கிழக்கே ஆடும் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு இரண்டு ஜோடி இரும்புக் கோல் கம்பங்கள் வாங்கி நட்டுக் கொடுங்கள். முதல் சனிக்கிழமை ஆட்டத்துக்கு, வலைச் சிக்கெடுப்பதை ஒரு மணி நேரம் ஒத்திவைத்துவிட்டு, எல்லாரும் வந்து கரையில் உட்காருங்கள்.